எல்லா வேலையும் எடுக்கும் போட்டோகிராபர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

விஸ்காம் முடித்துவிட்டு கும்பகோணம் பக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறேன். காலையில் பாஸ்போர்ட் சைஸ் படம், மதியம் பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ, முகூர்த்த நாளில் கல்யாணம். தேர்தல் சமயத்தில் வீடியோ கண்காணிப்புக் குழுவோடு அனுப்பினார்கள். சென்ற மாதம் அரசு மருத்துவமனையில் ஒரு பிரேதப் பரிசோதனையை வீடியோ எடுத்துவிட்டு, மறுநாள் காலையில் வளைகாப்புக்குப் போனேன். கையே ஓடவில்லை. என்னோடு படித்தவர்கள் சென்னையில் கேண்டிட் (போஸ் கொடுக்கச் சொல்லாமல் இயல்பாக எடுக்கும் படம்) மட்டும், ஓட்டல் உணவுப் படம் மட்டும் என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். எல்லாம் எடுப்பவனுக்கு எதிலும் பெயர் வராது என்கிறார்கள். நான் கலைஞனா, கூலிக்குப் படம் எடுப்பவனா? தனியாகத் தொடங்கலாம் என்றிருக்கிறேன். எதை விடுவது?

க.

அன்புள்ள க.,

இப்போதைக்கு எதையும் விடாதீர்கள்.

உங்கள் நண்பர்கள் சொல்வது சென்னைக்குச் சரி. அங்கே உணவுப் படம் மட்டும் எடுத்தே ஒருவர் பிழைக்கலாம். உங்கள் ஊரில் ஆடியும் மார்கழியும் வந்தால் கல்யாண மண்டபம் பூட்டிக்கிடக்கும். அந்த மாதங்களில் கடை வாடகையைக் கட்டுவது குரூப் போட்டோவும் பழைய படத்தைச் சரிசெய்து பெரிதாக்கிக் கொடுப்பதும்தான். ஆனால் வயிற்றுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. எழுத வருவதற்கு முன் நானும் ஸ்டுடியோக்காரன்தான். ஒரு வேலையில் கற்றது இன்னொரு வேலையில் கைகொடுப்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் தேர்தல் வேலையைப் போகிற போக்கில் குறிப்பிட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். அதில் என்ன செய்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். கூட்டத்தைப் பதிவு செய்யத் தொடங்கும்போதே என்ன நிகழ்ச்சி, எந்தத் தேதி, எந்த இடம், எந்தக் கட்சி, எந்த வேட்பாளர் என்று குரலில் சொல்லிப் பதிய வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. வண்டிகளின் பதிவு எண் தெரிய வேண்டும். நாற்காலிகள் எத்தனை, மேடை எவ்வளவு பெரிது, பேனர், கட்அவுட் என்ன அளவு என்று படத்தைப் பார்த்தே கணக்கிட முடிய வேண்டும். ஏனென்றால் அதைப் பார்வையிட இன்னொரு குழு இருக்கிறது. வேட்பாளரின் செலவுக் கணக்கை அவர்கள் அதிலிருந்துதான் சரிபார்க்கிறார்கள். தலைவரின் முகத்தை மட்டும் குளோசப்பில் எடுத்துவந்தால் ஒரு பயனும் இல்லை. முதலில் முழு இடத்தையும் காட்டு, பிறகு கிட்டே போ, எதையும் விட்டுவிடாதே என்ற பழக்கம் அங்கேதான் படிகிறது. அந்தப் பழக்கம் உள்ளவர் எடுத்த கல்யாண வீடியோவில் பந்தி இருக்கும், சமையற்கட்டு இருக்கும், திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போடும் பெரியவர்கள் இருப்பார்கள். கேண்டிட் மட்டும் எடுப்பவர் பெரும்பாலும் மணமக்களை விட்டு நகர்வதில்லை.

தாலி கட்டும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐயர் கையைத் தூக்கி ‘கெட்டிமேளம், கெட்டிமேளம்’ என்றதும் மொத்த மண்டபமும் எழுந்து அட்சதை போடும். உங்கள் லென்ஸுக்கு முன்னால் பத்து கைகள், நாலு செல்போன். மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட, மற்ற முடிச்சுகளை நாத்தனார் பின்னால் நின்று போடுவார். எல்லாம் சில நொடிகள். மறுபடி போடச் சொல்லவும் முடியாது. மேளக்காரர் ஐயரின் கையைப் பார்ப்பதைப் போல நீங்களும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கேமரா திரையை அல்ல. மேடையில் எல்.இ.டி. அலங்காரம் இருந்தால் வீடியோவுக்கு ஷட்டர் வேகத்தை 1/50 நொடியில் வைத்து முன்னாலேயே சோதித்துவிடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அந்த ஓட்டத்துக்கேற்ப விளக்கும் கண்ணுக்குத் தெரியாமல் மினுங்கும். கண்டபடி வைத்தால் படத்தில் கறுப்புப் பட்டை ஓடும். 2008-இல் கேனான் 5டி மார்க் 2 வந்து, ஸ்டில் கேமராவிலேயே முழு எச்.டி. வீடியோ எடுக்கலாம் என்றானபோது, பல ஸ்டுடியோக்களில் இரண்டு ஆள் வேலை ஒரே தலையில் விழுந்தது. அதனால் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன்: இரண்டையும் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் முகூர்த்தத்துக்கு மட்டும் இன்னொருவரை வைத்துக்கொள்ளுங்கள். அந்த நொடியில் ஒருவர் இரண்டையும் எடுக்க முடியாது.

அப்புறம், பிரேதப் பரிசோதனை. கை ஓடவில்லை என்கிறீர்கள். எப்படி ஓடும்? அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காவலில் நடக்கும் மரணங்களில் பரிசோதனையை வீடியோ எடுக்க வேண்டும் என்று தேசிய மனித உரிமை ஆணையம் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது 1995-இல். நீங்கள் எடுத்தது எந்த வழக்கு என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆனால் இறந்தவருக்காகப் பேச வேறு யாரும் இல்லாத இடத்தில் உங்கள் பதிவு பேசும். அந்தப் பதிவில் ஒரு நொடியையும் வெட்டக் கூடாது, கோப்பின் பெயரைக்கூட மாற்றக் கூடாது. புதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி கொடுக்கும் சான்றிதழில் கோப்பின் ஹேஷ் மதிப்பையும், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்ணையும், குறிப்பிட வேண்டும். உள்ளே எதையாவது தொட்டால் அது மாறிவிடும். உங்கள் முதலாளியிடம் ஒரு நிபந்தனை வையுங்கள்: இப்படிப்பட்ட வேலைக்கு மறுநாள் எந்த விசேஷத்துக்கும் போக மாட்டேன் என்று. தனியாகத் தொடங்கினாலும் இதைக் கைவிடாதீர்கள்.

பாஸ்போர்ட் சைஸ் படத்தைப் பற்றி அலுத்துக்கொள்கிற தொனி உங்கள் கடிதத்தில் தெரிகிறது. ஆதாருக்கும் பாஸ்போர்ட்டுக்கும் இப்போது அந்தந்த மையத்திலேயே படம் எடுத்துவிடுகிறார்கள், அதனால் அந்த வேலை குறைந்துவிட்டது. இருந்தாலும் வாழ்நாளில் ஒரே ஒரு முறை தனியாகக் கேமரா முன் உட்காருகிறவர்கள் இன்னும் வருகிறார்கள். ஊரில் ஒரு பெரியவர் காலமானால் வீட்டார் முதலில் ஓடிவருவது உங்கள் கடைக்குத்தான். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு ஒரு முகம் வேண்டும். கையில் யாரோ ஒருவரின் கல்யாண ஆல்பம் இருக்கும். மூன்றாவது வரிசையில் பாதி மறைந்த முகத்தைக் காட்டி, இதைத் தனியாக எடுத்துக் கொடுங்கள் தம்பி என்பார்கள். இதை ஒருமுறை செய்தவர், அடுத்த கல்யாணத்தில் தாத்தா பாட்டிகளை ஒவ்வொருவராக ஜன்னல் ஓரம் உட்காரவைத்து ஒரு படம் எடுக்காமல் வர மாட்டார். யாரும் கேட்க மாட்டார்கள், காசும் கிடையாது. எடுங்கள். எல்லா வேலையும் எடுப்பவருக்குத்தான் இது தோன்றும். கலைஞனா கூலியா என்று கேட்டீர்களே, எனக்கு இதுதான் கலை.

இப்படிப்பட்ட படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பழைய தமிழ் ஸ்டுடியோக்களில் தேடிச் சேர்த்து டிஜிட்டலாக்கியிருக்கிறது. பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டம் ஒன்றும் அதற்கு உதவியது. அதில் இருப்பவை பெரும்பாலும் ஊர்க்கடை போட்டோகிராபர்கள் எடுத்தவை.

தனியாகத் தொடங்கும்போது எழுத்தில் ஒரு ஒப்பந்தம் வைத்துக்கொள்ளுங்கள். காசு வாங்கிக்கொண்டு எடுத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். ஆகவே இன்ஸ்டாகிராமில் போட அவர்களின் சம்மதத்தை முன்கூட்டியே வாங்க வேண்டும். பாக்கிப் பணம் எப்போது, ஆல்பம் எப்போது, மூலக் கோப்புகளை எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள் என்பதும் அதில் இருக்கட்டும். இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒன்று கடையில், ஒன்று வீட்டில். ட்ரோனை அவசரப்பட்டு வாங்காதீர்கள். 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைக் கூலிக்குப் பறக்கவிடுவதானால் 2021 ட்ரோன் விதிகளின்படி ரிமோட் பைலட் சான்றிதழை முதலில் எடுங்கள். அதுவரை தேவைப்படும்போது சான்றிதழ் உள்ள ஒருவரை வாடகைக்கு அழைத்துக்கொள்ளலாம்.

ஒப்பந்தத்தை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.