மகளிடம் சொன்னதை அவரிடம் சொன்னீர்களா?

கேள்வி: டாலஸ் அருகே வசிக்கிறோம். கணவருக்கு 64, எனக்கு 59. ஓய்வு பெற்றதும் உள்ளேயே தங்கிக்கொள்ளும்படியான 22 அடி டிராவல் டிரெய்லர் ஒன்று வாங்கினார். இந்தக் கோடையில் அதை பிக்கப் டிரக்கில் மாட்டிக்கொண்டு ஆறு வாரம் நெப்ராஸ்கா மாநிலத்தின் சின்னச் சின்ன ஊர்களைச் சுற்றினோம். பெரிய நெடுஞ்சாலைப் பக்கமே அவர் போகமாட்டார். எந்த ஊரில் தங்கலாம் என்று என்னைக் கேட்பதும் இல்லை. டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் சண்டை. ஒரே ஒரு பெண்மணி வசிக்கும் மொனோவை என்ற ஊரில் ஒரு நாள் சாப்பிட்டோம், அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வேலண்டைன் என்ற ஊர்ப் பக்கம் சிக்னல் கிடைக்காததால் தினமும் மணல்மேட்டில் ஏறி நின்று மகளிடம் ஒரு மணி நேரம் பேசுவேன். அவளுக்கு ஏழு மாதக் குழந்தை. அவளும் அப்பாவிடம் சொல்லிப் பார்த்தாள். கடைசிப் பத்து நாள் அவர் என்னோடு சரியாகப் பேசவே இல்லை. காரணம் புரியவில்லை. இப்போது டிரெய்லரை விற்றுவிடலாம் என்கிறார். அதுவும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நான் என்ன செய்வது?

பதில்: ஓய்வு பெற்ற கணவரோடு நாள் முழுக்க ஒரே கூரையின் கீழ் இருக்க முடியவில்லை என்று வரும் கடிதங்களைப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். அதனால் ரிவர்ஸ் சண்டையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்தால், டிரெய்லரின் பின்புறம் எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கமே கையை நகர்த்தினால் போதும். அவருடைய பக்கக் கண்ணாடியில் தெரிகிற இடத்தில் நீங்கள் நிற்க வேண்டும். நீங்கள் கண்ணாடியில் தெரியாவிட்டால் அவர் வண்டியை நிறுத்திவிட வேண்டும். ஆளில்லாத ஒரு பெரிய பார்க்கிங்கில் இரண்டு பேரும் மாறி மாறிப் பழகுங்கள். ஆமாம், நீங்களும்தான். அடுத்த ஊர் எத்தனையோ மைல் தள்ளி இருக்கிற சாலையில் 64 வயதுக்காரர் ஒருவரை மட்டும் நம்பி உட்கார்ந்திருப்பது சரியில்லை.

இனி அந்த மணல்மேட்டுக்கு வருகிறேன்.

நீங்கள் மேட்டில் நின்ற அந்த ஒரு மணி நேரம் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? கடிதத்தில் அது இல்லை. எனக்கோ அந்தக் காட்சி கண்ணை விட்டுப் போகவில்லை. கீழே டிரெய்லருக்குள் ஒரு மனிதர் தனியாக உட்கார்ந்திருக்கிறார். ஜன்னல் வழியே பார்த்தால் மனைவி மேட்டின்மேல் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது தெரிகிறது. என்ன பேசுகிறாள் என்பது கேட்கவில்லை. அப்புறம் ஒரு நாள் அது முழுவதும் மகள் வாயிலிருந்து அவர் காதில் விழுகிறது. "அவளும் அப்பாவிடம் சொல்லிப் பார்த்தாள்" என்று ஒற்றை வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். அவர் பேசாமல் போனதற்குக் காரணம் அந்த வரியிலேயே இருக்கிறது, அம்மா.

கணவன் மனைவி மனஸ்தாபத்துக்குப் பெற்ற பிள்ளையைப் பஞ்சாயத்துக்கு இழுக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. அடி, மிரட்டல் என்று இருந்தால் மகளிடம் மட்டுமல்ல, போலீஸிடமும் சொல்லச் சொல்வேன். உங்கள் விஷயம் அது இல்லை. எங்கே தங்குவது என்று உங்களைக் கேட்பதில்லை, அதுதான் உங்கள் குறை. நியாயமான குறை. ஆறு வாரம் ஒருத்தியை உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போகிறவர் "உனக்கு எங்கே நிற்க ஆசை?" என்று ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டும். அந்தத் தப்பு அவருடையது. ஆனால் அதை அவர் முகத்தைப் பார்த்து எப்போதாவது சொன்னீர்களா? உங்கள் கடிதத்தில் அப்படி ஓர் இடமே இல்லை. மகளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், அவருக்கு மட்டும் நீங்கள் சொல்லவில்லை.

அவர் கூட்டிப்போன இடமும் லேசுப்பட்டது அல்ல. வேலண்டைன் வழியாகப் போகும் 20ஆம் எண் சாலை, பாஸ்டனில் தொடங்கி ஆரிகன் கடற்கரையில் நியூபோர்ட் வரை 3,365 மைல் ஓடுவது. அமெரிக்காவிலேயே நீளமான சாலை அதுதான். வேலண்டைன் இருக்கும் செர்ரி கவுன்டி, அதாவது மாவட்டம், கனெக்டிகட் மாநிலத்தைவிடப் பெரியது. மனிதர்கள் 6,000 பேர்கூட இல்லை. அதே கவுன்டியில் கோடி என்ற சின்ன ஊரில் பள்ளிப் பிள்ளைகள் 2013இல் வைக்கோல் கட்டுச் சுவர்களுக்குள் ஒரு மளிகைக் கடை திறந்தார்கள். நீங்கள் நின்ற மேடுகூட வெறும் மணல்தான், புல்லின் வேர் பிடித்து வைத்திருப்பதால் காற்றில் போகாமல் நிற்கிறது. பெரிய நெடுஞ்சாலையில் பறந்திருந்தால் இதெல்லாம் கண்ணில் படுமா? அவர் உங்களுக்குக் காட்ட ஆசைப்பட்டது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் மொனோவை. 2010 கணக்கெடுப்பில் அந்த ஊரின் மக்கள் தொகை 1. 2004இல் கணவர் இறந்த பிறகு ஊரில் மிஞ்சியவர் அந்தப் பெண்மணி மட்டும். மேயரும் அவரே, கணக்கு எழுதுவதும் அவரே, உங்களுக்குச் சாப்பாடு போட்ட கடையை நடத்துவதும் அவரே. கணவர் சேர்த்து வைத்திருந்த ஆயிரக்கணக்கான புத்தகங்களை ஒரு சின்னக் கட்டடத்தில் வைத்து, கணவர் பெயரிலேயே நூலகமாக்கினார். பாவம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரைப் பற்றி அன்று ராத்திரி யாரிடம் பேசினீர்கள்? மகளிடமா, பக்கத்தில் உட்கார்ந்து அதே சாப்பாட்டைச் சாப்பிட்டவரிடமா?

இன்றைக்கே அவரிடம் போங்கள். "உங்களிடம் சொல்ல வேண்டியதை மகளிடம் சொன்னேன், அது என் தப்பு" என்று முதலில் சொல்லுங்கள். குறை அதற்குப் பிறகு வரட்டும், ஒளிக்காமல் வரட்டும். அடுத்த கோடையில் ஒரு நாள் அவர் சொல்லும் ஊர், மறுநாள் நீங்கள் சொல்லும் ஊர் என்று கேளுங்கள். வண்டியை விற்கும் பேச்சை அதுவரை எடுக்க வேண்டாம்.

மகளிடமும் பேச வேண்டும். "இது நானும் அப்பாவும் பேசித் தீர்த்துக்கொள்கிற விஷயம், நீ மனசில் வைத்துக்கொள்ளாதே" என்று சொல்லிவிடுங்கள். ஏழு மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தினமும் ஒரு மணி நேரம் உங்கள் சண்டையைக் கேட்டவள் அவள். குழந்தை ராத்திரி தூங்குகிறதா, நீ நேரத்துக்குச் சாப்பிட்டாயா என்று அந்த மேட்டில் நின்று ஒரு நாளாவது கேட்டீர்களா? இன்று கேளுங்கள். போனை ஸ்பீக்கரில் போட்டு, அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கேளுங்கள்.