மோட்டார் ஹோமில் யுஎஸ்பி சாக்கெட் பொருத்தலாமா? கேள்வி பதில்

ஃபியட் டுகாட்டோ மாதிரியான வேன்களில் கட்டப்பட்ட ஐரோப்பிய மோட்டார் ஹோம்கள் (உள்ளேயே தங்கிச் சமைத்துத் தூங்கும் வண்டிகள்) பற்றி வந்த கேள்விகள் இவை. 12 வோல்ட்தானே, என்ன ஆகிவிடும் என்று துணிந்து வயரை வெட்டுகிறவர்கள் நிறைய. ஷாக் அடிக்காது என்பது உண்மை. ஆனால் ஃபியூஸ் இல்லாத ஒரு வயர் ஷார்ட் ஆனால் 100 ஏஎச் (ஆம்பியர்-அவர், பாட்டரியின் கொள்ளளவு) பாட்டரியிலிருந்து நூற்றுக்கணக்கான ஆம்ப்ஸ் பாயும். சுற்றிலும் பிளைவுட்டும் ஃபோமும். உள்ளே குடும்பம் தூங்குகிறது. அந்த நினைப்போடு வேலையில் இறங்குங்கள்.

கேள்வி: அண்ணா, வண்டி 2008 மாடல். படுக்கைக்கு மேலே உள்ள ரீடிங் லைட் வயரிலிருந்தே யுஎஸ்பி சாக்கெட்டுக்கு லைன் எடுக்கலாமா?

எடுக்கலாம் தம்பி, கணக்கு ஒத்துவந்தால். சாதாரண இரட்டை சாக்கெட் 5 வோல்ட்டில் 3.1 ஆம்ப்ஸ் தரும், அதாவது 15.5 வாட். உள்ளே வோல்ட்டைக் குறைக்கும்போது ஆகும் இழப்பையும் சேர்த்தால் 12 வோல்ட் பக்கம் ஏறக்குறைய ஒன்றரை ஆம்ப்ஸ் இழுக்கும். உங்கள் வண்டியில் இன்னும் 10 வாட் ஹாலஜன் பல்புதான் இருந்தால், அதே லைனில் இரண்டை 2 வாட் எல்இடிக்கு மாற்றுங்கள். 16 வாட் மிச்சமாகும். அந்தப் பழைய வயர் முன்பு தாங்கியதற்கு ஏறக்குறைய அதே சுமைதான் இப்போதும் அதன் மேல் இருக்கும்.

லைனை லைட் ஸ்விட்சுக்கு முன்னால் எடுக்க வேண்டும். பின்னால் எடுத்தால் விளக்கு எரியும்போது மட்டும்தான் போன் சார்ஜ் ஆகும்.

கேள்வி: பிரவுன் வயரைப் பாசிட்டிவ் என்று இணைத்தேன். சாக்கெட் உயிரே இல்லாமல் கிடக்கிறது. ஏன்?

பலர் விழும் குழி இது. ஐரோப்பாவில் 230 வோல்ட் வயரிங்கில் பிரவுன்தான் லைவ். ஆனால் ஜெர்மன் முறையில் வயரிங் செய்த வாகனங்களில் பிரவுன் என்றால் எர்த், அதாவது நெகட்டிவ். மோட்டார் ஹோமில் இரண்டு வயரிங்கும் ஒரே அலமாரிக்குப் பின்னால் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். போதாததற்கு, வேனின் மேல் வீட்டைக் கட்டிய கம்பெனி தன் இஷ்டத்துக்கு வேறு நிறம் போட்டிருக்கலாம். நிறத்தை நம்பாதீர்கள். வெளி கரன்ட் பிளக்கை (வெளியிலிருந்து வண்டிக்கு 230 வோல்ட் கொண்டுவருவது) முதலில் பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். சிவப்பு முனை எந்த வயரில் படும்போது மைனஸ் குறி இல்லாமல் 12 சொச்சம் காட்டுகிறதோ அதுதான் பாசிட்டிவ். பாசிட்டிவையும் நெகட்டிவையும் மாற்றி இணைத்த சாக்கெட் சில சமயம் பிழைக்கும். சரியாக இணைத்தும் வேலை செய்யாவிட்டால் புதிது வாங்குங்கள்.

கேள்வி: ஃபியூஸ் எத்தனை ஆம்ப்ஸ்? கடைக்காரர் 15 போடச் சொல்கிறார்.

ஃபியூஸ் காப்பாற்ற வேண்டியது வயரை. அந்த லைனில் இருப்பதிலேயே மெல்லிய வயர் எதுவோ, அது தாங்கும் அளவுக்குள்தான் ஃபியூஸ் இருக்க வேண்டும். தனி லைனாக ஒரு சாதாரண இரட்டை சாக்கெட்டுக்கு 1.5 ஸ்கொயர் (சதுர மி.மீ. தடிமன்) வயரும் 5 ஆம்ப்ஸ் ஃபியூஸும் தாராளம். பிளேடு ஃபியூஸில் அது வெளிர் பழுப்பு நிறம். 10 சிவப்பு, 15 நீலம். பாட்டரியிலிருந்து நேராக எடுத்தால் ஃபியூஸைப் பாட்டரிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். சாக்கெட் ஓரத்தில் வைத்தால், இடைப்பட்ட வயர் எங்காவது தகரத்தில் உரசினால் அதைத் தடுக்க எதுவும் இல்லை. ஷௌட், சார்ஜென்ட் போன்ற கம்பெனிகளின் கன்ட்ரோல் யூனிட் (ஃபியூஸ்களும் மின் இணைப்புகளும் உள்ள பெட்டி) இருக்கும் வண்டிகளில் காலியான ஃபியூஸ் இடம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் அதுவே உத்தமம்.

கேள்வி: லேப்டாப்புக்கு 60 வாட் யுஎஸ்பி-சி சாக்கெட் வாங்கியிருக்கிறேன். பாட்டரியிலிருந்து 5 மீட்டர் தூரம். 1.5 ஸ்கொயர் வயர் போதுமா?

போதாது. இழப்போடு சேர்த்து 12 வோல்ட்டில் ஐந்தரை ஆம்ப்ஸ் ஓடும். போக 5, வர 5, மொத்தம் 10 மீட்டர் செம்பு. 1.5 ஸ்கொயரில் வழியிலேயே 0.66 வோல்ட் போய்விடும்; 2.5-இல் 0.4, 4-இல் கால் வோல்ட். பாதி தீர்ந்த லெட் ஆசிட் பாட்டரி 12.2-க்குப் பக்கத்தில் நிற்கும். அதில் இந்த இழப்பும் போனால் சாக்கெட்டுக்கு வருவது பதினொன்றரை. வோல்ட் குறைந்தாலும் லேப்டாப் அதே 60 வாட்டைத்தான் கேட்கும், அதனால் ஆம்ப்ஸ் ஏறும், இழப்பு இன்னும் கூடும். 4 ஸ்கொயர் போட்டு, 10 ஆம்ப்ஸ் ஃபியூஸோடு தனி லைனாக இழுங்கள். ரீடிங் லைட் வயர் பக்கமே போகாதீர்கள்.

சிலர் ஒரே இடத்தில் 5 வோல்ட்டாக்கி, அதை வண்டி முழுக்க இழுக்கலாமா என்கிறார்கள். 5 வோல்ட்டில் அரை வோல்ட் போனால் பத்தில் ஒரு பங்கு போச்சு. 12 வோல்ட்டைக் கடைசி வரை கொண்டுபோய் அங்கே குறைப்பதே சரி.

கேள்வி: நான்கு சாக்கெட் போட்டேன். வண்டி மாதக் கணக்கில் நின்ற பிறகு பார்த்தால் பாட்டரி காலி. போன் எதுவும் சொருகவில்லையே?

நீல விளக்கும் வோல்ட் மீட்டரும் உள்ள சாக்கெட்டுகளா? அவைதான். ஒவ்வொன்றும் 20 மில்லி ஆம்ப்ஸ் இழுத்தால் நான்குக்கும் 80. ஒரு நாளுக்கு 1.9 ஏஎச், முப்பது நாளில் 58 ஏஎச். 100 ஏஎச் லெட் ஆசிட் பாட்டரியில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது. உங்கள் சாக்கெட்டுகள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டன. அப்படியே காலியாகக் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து பாட்டரி திரும்ப எழாமலே போகலாம். நான்குக்கும் பொதுவாக ஒரு ஸ்விட்ச் வையுங்கள். அல்லது வண்டியின் மெயின் 12 வோல்ட் ஸ்விட்சை அணைத்தால் செத்துவிடும் லைனில் சேருங்கள். புதிதாக வாங்குகிறவர்கள் விளக்கே இல்லாத சாக்கெட்டை வாங்குங்கள். ராத்திரி முகத்தில் நீல வெளிச்சம் அடிக்காது என்பது கூடுதல் லாபம்.

கேள்வி: துளை எங்கே போடுவது? கேஸ் சிலிண்டர் பெட்டி ஓரம் வசதியாக இருக்கிறது.

அந்த இடம் மட்டும் வேண்டவே வேண்டாம். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் அடியில் தேங்கும். அங்கே ஒரு சிறு பொறிகூட வரக் கூடாது. வெளிச்சுவரும் வேண்டாம்; அலுமினியமோ ஃபைபரோ, நடுவே ஃபோம், உள்ளே மெல்லிய பிளைவுட், எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 30 மி.மீ. சுற்றுவட்டாரம்தான். சாக்கெட்டோ பின்பக்க லக்கோடு (வயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டு) சேர்த்து 50 மி.மீ. வரை நீளும். அலமாரியின் பக்கப் பலகையே நல்ல இடம். வட்ட சாக்கெட்டுக்கு 29 மி.மீ. ஹோல் சா போதும். துளைப்பதற்கு முன் பின்பக்கம் கையை விட்டுத் தடவி, வயரோ தண்ணீர்க் குழாயோ ஓடுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: வீட்டு வயரிங்கில் மிஞ்சிய ஒற்றைக் கம்பி வயர் இருக்கிறது. போடலாமா?

வேண்டாம். ஓடும் வண்டியின் அதிர்வில் முனையில் ஒடிந்துவிடும். பல இழை வயர்தான் வேண்டும், லக்கைக் கிரிம்ப் செய்துதான் (கருவியால் இறுக்கி அழுத்தித்தான்) மாட்ட வேண்டும்.

கேள்வி: வேலை தொடங்கும் முன் பாட்டரி நெகட்டிவைக் கழற்றினால் போதும்தானே?

கூரையில் சோலார் இருந்தால் போதாது. வெளி கரன்ட் பிளக், அடுத்து சோலார் பேனல் லைன், கடைசியில் பாட்டரி நெகட்டிவ் என்று கழற்றுங்கள். மாட்டும்போது இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். பல சோலார் கன்ட்ரோலர்கள் பாட்டரி இல்லாமல் பேனலை மட்டும் தாங்குவதில்லை.