கண் முன்னால் ஒருவருக்கு ரத்தம் கொட்டுகிறது. மருத்துவம் தெரியாத நான் என்ன செய்ய முடியும்?

நிறையவே செய்யலாம். நானும் மருத்துவன் இல்லை, முதலுதவிப் பயிற்சி எடுத்தவன், அவ்வளவுதான். வளர்ந்த ஒருவர் உடம்பில் ஓடுவது ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம். தொடையின் பெரிய தமனி அறுபட்டால் சில நிமிடங்களிலேயே உயிர் போய்விடலாம். ஆம்புலன்ஸ் வரும்வரை அந்த உயிர் பக்கத்தில் நிற்பவர் கையில்தான்.

ரத்தம் பீறிட்டு அடித்தால், நிற்காமல் ஓடித் தரையில் தேங்கினால், அடிபட்டவர் பேச்சு குழறினால் அது சாதாரணக் காயம் இல்லை. கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாகக் கத்தாதீர்கள். ஒருவரைக் கைகாட்டி, “நீங்க ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க” என்று சொல்லுங்கள். கையுறையோ பிளாஸ்டிக் பையோ கிடைத்தால் கையில் மாட்டிக்கொண்டு, உடையை விலக்கி, ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

பிறகு அழுத்த வேண்டும். ஒற்றி எடுப்பதை அழுத்துவது என்று பலர் நினைக்கிறார்கள். அடிபட்டவரைக் கெட்டியான தரையில் படுக்க வைத்து, காயத்தின் மேல் துணி வைத்து, முழங்கையை மடக்காமல் இரண்டு கையாலும் உங்கள் எடையே இறங்கும்படி அழுத்துங்கள். வலிக்கிறது என்று அவர் அலறுவார். விடாதீர்கள்.

நின்றுவிட்டதா என்று துணியைத் தூக்கிப் பார்க்கிற ஆசை வரும். பயிற்சியில் பொம்மை மேல் அழுத்தும்போதே எல்லோருக்கும் அது வந்தது! தூக்கினால் உறையத் தொடங்கிய ரத்தம் துணியோடு பிய்ந்து வந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். துணி நனைந்தால் மேலேயே இன்னொன்றை வையுங்கள். அப்படியும் ஓடினால் நீங்கள் அழுத்தும் இடம் தப்பு. அப்போது மட்டும் எடுத்துப் பார்த்துச் சரியான இடத்தில் அழுத்துங்கள்.

இடுப்பு மடிப்பு, அக்குள் போன்ற இடங்களில் காயம் ஆழமாக இருந்தால் துணியை விரலால் உள்ளே திணித்து, குழி நிரம்பியதும் மேலே அழுத்த வேண்டும். துணி கொஞ்சம் அழுக்காக இருந்தாலும் பரவாயில்லை, தொற்றுக்குப் பிறகு மருந்து இருக்கிறது. நெஞ்சிலும் வயிற்றிலும் மட்டும் எதையும் திணிக்கக் கூடாது.

கை, கால் காயத்தில் அழுத்தியும் நிற்கவில்லையா? டூர்னிகெட் எனும் இறுக்குப் பட்டைதான் வழி. பழைய முதலுதவிப் பாடங்களில் இதைத் தொடவே பயமுறுத்துவார்கள். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் இது ஏராளமான உயிர்களைக் காத்த பிறகு அந்தக் கருத்து மாறியது. 2015-இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஸ்டாப் தி பிளீட்’ இயக்கம் இதைப் பொதுமக்களுக்கே சொல்லித் தருகிறது. காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, அதாவது இதயத்தின் பக்கமாக, மூட்டின் மேல் படாமல் கட்டி, ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள். இடையில் தளர்த்தவே கூடாது. பட்டை இல்லாவிட்டால் அகலத் துணியைக் கட்டி, ஒரு குச்சியைச் செருகித் திருகலாம். கம்பி, மெல்லிய கயிறு வேண்டாம், சதையை அறுத்துவிடும்.

குத்தி நிற்கும் கத்தியையோ கண்ணாடியையோ பிடுங்காதீர்கள், அதுதான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும், சுற்றிலும் அழுத்துங்கள். குடிக்கத் தண்ணீர் கொடுக்க வேண்டாம், அறுவை சிகிச்சை தேவைப்படலாம். போர்வை போர்த்துங்கள், உடம்பு குளிர்ந்தால் ரத்தம் சரியாக உறையாது.

எல்லாம் முடிந்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். உங்கள் கையில் வெட்டுக்காயம் இருந்து அதில் ரத்தம் பட்டிருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.