வாசகர் கேள்வி: வெள்ள பயமும் தரையில் இருக்கும் இன்வெர்ட்டரும்

கேள்வி: 2015 டிசம்பரில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். 2023 மிக்ஜாம் புயலிலும் முழங்கால் வரை வந்தது. அப்படியும் இன்வெர்ட்டரைத் தூக்கி வைக்க அப்பா சம்மதிக்கவில்லை. "வாசப்படியை உயர்த்தியாச்சே, இன்னும் என்ன?" என்கிறார். பருவநிலை மாற்றம் என்று ஆரம்பித்தாலே டி.வி. சத்தத்தைக் கூட்டிவிடுகிறார்.
- வாசகி, வேளச்சேரி

பதில்: அப்பாவுக்கு அக்கறை இல்லை என்று நினைக்காதீர்கள். ஒரு வேலையைச் செய்து முடித்ததும் மனசு 'ஆச்சு' என்று கணக்கை மூடிவிடும். உளவியலில் இதை ஒற்றைச் செயல் சாய்வு என்பார்கள். ஆனால் கழிவறைக் குழாய் வழியே தண்ணீர் எதிரேறி வந்தால் உயர்ந்த வாசப்படி தடுக்காது.

டி.வி. சத்தத்துக்குக் காரணம் வேறு. ஆபத்து பெரிது என்று மட்டும் சொல்லி, தன்னால் செய்யக்கூடியது என்ன என்று காட்டாவிட்டால், மனிதர்கள் ஆபத்தை விட்டுவிட்டுப் பயத்தைத்தான் குறைக்கப் பார்ப்பார்கள். மறுப்பதும் பேச்சை மாற்றுவதும் அதற்குத்தான். தகவல்தொடர்பு ஆய்வாளர் கிம் விட்டி 1992-ல் இதைத் தெளிவாக விளக்கினார்.

அதனால் உலக வெப்பநிலை வாதத்தை இப்போதைக்கு விடுங்கள். 2015-ல் தண்ணீர் எதுவரை நின்றது என்று அப்பாவையே கேட்டு, சுவரில் பென்சிலால் கோடு போடுங்கள். இன்வெர்ட்டர், பேட்டரி, பிளக் பாயின்ட் எல்லாம் கோட்டுக்கு ஒரு அடி மேலே போக வேண்டும். பெரிய பேட்டரி 50 கிலோவை ஒட்டி இருக்கும். மரப்பலகை தாங்காது, சுவரில் போல்ட் அடித்த இரும்பு ஸ்டாண்டு வேண்டும். கழிவுநீர்க் குழாய்க்கு நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை வெளியே விடும், திரும்பி வர விடாது). எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்டால் எதுவும் நடக்காது. "மழைக்கு முன்னாடி பார்க்கலாம்" என்றாலும் நடக்காது. "ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு, காலை 10 மணி, எலக்ட்ரீஷியன்" என்று நாளும் நேரமும் ஆளும் குறித்தால் நடக்கும். ஸ்டாண்டு மாட்டிய அன்றே, எலக்ட்ரீஷியன் கிளம்பும் முன், பிளம்பருக்குத் தேதி வாங்குங்கள். மறுநாள் என்றால் மனசு கணக்கை மூடியிருக்கும்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் மகள் வெப்ப அலை, வெள்ளச் செய்திகளைப் பார்த்துவிட்டுத் தூங்குவதில்லை. இது நோயா?
- வாசகர், மதுரை

பதில்: கவலை நோயல்ல. இந்தியா உட்பட 10 நாடுகளில் 16 முதல் 25 வயதுள்ள 10,000 பேரிடம் எடுத்து 2021-ல் வெளிவந்த ஆய்வில், 59 சதவீதம் பேர் பருவநிலை மாற்றம் பற்றி மிகவும் கவலைப்படுவதாகச் சொன்னார்கள். "எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லாதீர்கள்; அதைக் கேட்டால் அவள் உங்களிடம் பேசுவதை நிறுத்திவிடுவாள். எது அதிகம் பயமாக இருக்கிறது என்று கேட்டு, குறுக்கிடாமல் கேளுங்கள். செய்தி நாளுக்கு ஒருமுறை, 20 நிமிடம். படுக்கும் முன் ஒரு மணி நேரம் கிடையாது. நான்கு பேரோடு சேர்ந்து செய்யும் வேலை ஏதாவது, தெருவில் மரக்கன்று பராமரிப்பதோ பள்ளியில் மழைநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்வதோ, தனியாகக் கவலைப்படுவதைக் குறைக்கும். தூக்கமின்மை இரண்டு வாரம் நீடித்தாலோ, சாப்பாடு குறைந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். சாவைப் பற்றிப் பேசினால் ஒருநாளும் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் வீடுவாரியாக மின்சார யூனிட்டைச் சராசரியோடு ஒப்பிட்டுக் காட்டலாமா?
- வாசகர், கோவை

பதில்: காட்டலாம், ஆனால் கவனம். கலிஃபோர்னியாவின் சான் மார்கோஸில் இப்படிச் செய்தபோது அதிகம் செலவழித்தவர்கள் குறைத்தார்கள். சிக்கனமாக இருந்தவர்களோ கூட்டிவிட்டார்கள். சிக்கன வீடுகளின் சீட்டில் ஒரு சிரித்த முகம் வரைந்தபோது அந்த ஏற்றம் வரவில்லை. 2007-ல் வெளியான ஆய்வு இது. நோட்டீஸ் போர்டில் ஒட்டாமல், ஒவ்வொரு வீட்டுக்கும் தனிச் சீட்டாகக் கொடுங்கள்.