கருவைத் தாக்குமா நம் எதிர்ப்புச் சக்தி?

கேள்வி: எனக்கு 29 வயது. திருமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். இரண்டு முறை கருத்தரித்து, ஒன்று பதினோராம் வாரத்திலும் மற்றொன்று பன்னிரண்டாம் வாரத்திலும் கலைந்துவிட்டது. மதுரையில் நான் பார்க்கும் மருத்துவர் எதிர்ப்பு மண்டலத்தின் கோளாறாக இருக்கலாம் என்று சொல்லி ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். அறிக்கையில் ‘காம்ப்ளிமென்ட் சி3, சி4’ என்று இரண்டு வரிகள். இரண்டும் அளவுக்குள்தான் இருக்கின்றன. என் மாமியாரோ, எதிர்ப்புச் சக்தி குறைந்ததால்தான் இப்படி ஆனது என்று நாட்டு மருந்துக் கடையில் சூரணம் வாங்கித் தருகிறார். நான் எதை நம்புவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: காம்ப்ளிமென்ட் என்பது, பெரும்பாலும் கல்லீரலில் உருவாகி ரத்தத்தில் ஓடும் முப்பதுக்கும் மேற்பட்ட புரதங்களின் கூட்டம். கிருமியை அழிப்பதில் எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடி) தொடங்கிய வேலையை நிறைவு செய்வதால், தமிழில் நிரப்புப் புரதங்கள் என்கிறோம். திருவிழாவில் கொளுத்தும் சரவெடியைப் போல ஒன்று அடுத்ததைத் தூண்ட, நடுவில் சி3 என்ற புரதம் வெட்டுப்பட்டு, கடைசியில் எதிரிச் செல்லின் சவ்வில் துளை விழும்.

இந்தச் சரவெடி கருப்பையிலும் இருக்கிறது. தந்தையின் மரபணுக்களையும் சுமப்பதால் தாயின் உடலுக்குப் பாதி அந்நியமான கருவின் நஞ்சுக்கொடி, தாயின் ரத்தத்தில் நனைந்தபடியே வளர்கிறது. அப்படியிருந்தும் அது தாக்கப்படாததற்கு ஒரு முக்கியக் காரணம், அதன் வெளிப்புறச் செல்கள் சிடி46, சிடி55, சிடி59 என்னும் தடுப்புப் புரதங்களை மேலே அணிந்திருப்பதுதான். திரி பாதியிலேயே அணைந்துவிடுகிறது. எலிகளில் இதே காவலைச் செய்யும் கிர்ரி என்ற புரதத்தை நீக்கியபோது கருக்கள் இறந்தன என்றும், சி3-ஐயும் சேர்த்து நீக்கியபோது பிழைத்தன என்றும் 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. அதற்காகக் காம்ப்ளிமென்டை எதிரியாகவே எண்ணிவிடவும் கூடாது. அதன் உறுப்பினரான சி1க்யூ, நஞ்சுக்கொடியின் செல்கள் கருப்பைச் சுவருக்குள் வேரூன்ற உதவுகிறது.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது சி3 அல்ல, வாரக் கணக்கு. தொடக்க வாரங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழ பாதிக்குக் குரோமோசோம் கோளாறே காரணம். பத்தாம் வாரத்தைத் தாண்டி இரண்டு முறை இழந்தவருக்கோ, தன் உடலுக்கு எதிராகவே தவறாக உருவாகும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்கள் உள்ளனவா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். இவை நஞ்சுக்கொடியில் படிந்து அந்தத் திரியைப் பற்றவைக்கின்றன. லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைகோபுரோட்டீன் எதிர்ப்பொருள் என மூன்று பரிசோதனைகள் உண்டு. காய்ச்சல் போன்ற தொற்றுக்குப் பின் இவை தற்காலிகமாகத் தோன்றி மறையக்கூடும் என்பதால், இருப்பதாக முடிவு வந்தால் 12 வாரம் கழித்து மறுபடியும் பார்த்தே உறுதி செய்வார்கள். அந்த இரண்டாவது பரிசோதனையைச் செலவு கருதித் தவிர்த்துவிடாதீர்கள்.

இந்த எதிர்ப்பொருள்களால் வரும் நோய் உறுதியானால், குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் வழக்கமான சிகிச்சை. ஹெப்பாரின் ரத்தம் உறையாமல் தடுப்பதால்தான் பலன் தருகிறது என்று நெடுங்காலம் கருதினோம். ஆனால் 2004-இல் வெளியான எலி ஆய்வில், உறைதலை மட்டும் தடுக்கும் வேறு மருந்துகள் கருவைக் காக்கவில்லை. காம்ப்ளிமென்டையும் அடக்கும் ஹெப்பாரினே காத்தது.

சி3, சி4 அளவுக்குள் இருப்பது இதையெல்லாம் இல்லையென்று ஆக்கிவிடாது. அது கையில் எடுத்த ரத்தத்தில் உள்ள அளவு. நஞ்சுக்கொடியில் நடப்பதை அது சொல்லாது. மேலும் கர்ப்ப காலத்தில் இவ்விரண்டும் இயல்பாகவே உயரும்.

எதிர்ப்புச் சக்தி குறைந்ததால் கரு கலைந்தது என்று கொள்ள நீங்கள் எழுதியவற்றில் எதுவும் இல்லை. என்னென்ன சேர்ந்தது என்று தெரியாத பொடியைக் கருத்தரிக்க முயலும்போது உண்ண வேண்டாம். மாமியாரிடம் நேரில் சொல்லத் தயக்கமாக இருந்தால், அடுத்த முறை அவரையும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: பெண்ணின் உடல் கணவரின் விந்தணுவையும் அந்நியமாக நினைத்துக் கொல்லுமா? – வாசகர், மேலூர்

பதில்: பொதுவாக இல்லை. விந்தணுவும் அதே தடுப்புப் புரதங்களோடுதான் வருகிறது. விந்துத் திரவத்திலும் அவை உண்டு. சிலருக்கு, குறிப்பாக வாசக்டமி என்னும் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சைக்குப் பின் விந்துக் குழாயை மீண்டும் இணைத்துக்கொண்ட ஆண்களுக்கு, விந்தணுவுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் உருவாகி அதன் ஓட்டத்தைக் குறைப்பதுண்டு. அந்நிலையில் ஒரே விந்தணுவை ஊசியால் நேரே கருமுட்டைக்குள் செலுத்தும் இக்சி முறை கைகொடுக்கிறது.