சிமென்ட் ஆலைக்கு பி.எல்.சி. போதுமா, டி.சி.எஸ். வேண்டுமா?

வாளையார் பக்கம் சிமென்ட் ஆலையில் வேலை பார்க்கும் நண்பர் கேட்டிருக்கிறார்: இயந்திரங்களை ஓட்டும் பழைய ரிலே பேனல்களை எடுத்துவிட்டு பி.எல்.சி. (புரோகிராம் எழுதி இயந்திரங்களை ஓட்டும் சிறு தொழிற்கணினி) போடுவதா, டி.சி.எஸ். (ஆலை முழுவதையும் ஒரே அமைப்பாகக் கட்டுப்படுத்தும் முறை) போடுவதா?

கிளிங்கரை (சூளையில் சுட்டெடுத்த சிமென்ட் கட்டிகள்) வாங்கி அரைத்து மூட்டை பிடிக்கும் யூனிட் என்றால் பி.எல்.சி.யும் ஸ்காடாவும் (திரையில் பார்த்து இயக்கும் மென்பொருள்) தாராளம். சூளை இருந்தால் கதையே வேறு. கிளிங்கர் சுமார் 1450 டிகிரி செல்சியஸில் உருவாகிறது, நிலக்கரி, ஐ.டி. ஃபேன் (புகையை இழுக்கும் விசிறி), கூலர் காற்று என ஒன்றைத் தொட்டால் மற்றவையும் ஆடும். லூப் (அளந்து தானே சரிசெய்யும் கட்டுப்பாடு), அலாரம், டிரெண்ட் (அளவுகள் மாறும் வரைபடம்) எல்லாம் ஒரே டேட்டாபேஸில் இருக்கும் டி.சி.எஸ்.தான் அங்கே என் தேர்வு.

எதை வாங்கினாலும் இன்டர்லாக் (எது நடந்தால் எது தானாக நிற்க வேண்டும் என்ற பாதுகாப்பு விதி) பட்டியலை முதலில் நீங்களே எழுதுங்கள். புகையில் கார்பன் மோனாக்சைடு ஏறினால் இ.எஸ்.பி.யின் (புகையிலுள்ள தூசியை மின்சாரத்தால் பிடிக்கும் கருவி) உயர் மின்னழுத்தம் உடனே துண்டாக வேண்டும். உள்ளே ஒரு பொறி போதும், வெடித்துவிடும். கரண்ட் போனாலும் சூடான சூளையைத் துணை டிரைவ் வைத்து மெல்லச் சுழற்ற வேண்டும், இல்லையென்றால் ஷெல் (சூளையின் இரும்பு உருளை) வளைந்துவிடும். அந்த நேரத்தில் திரை இருண்டுவிடக் கூடாது, யு.பி.எஸ்.ஸில் கஞ்சத்தனம் வேண்டாம்.

அப்புறம், துலாமழை (ஐப்பசி மழை) இடி மின்னல். கட்டடங்களுக்கு இடையே சிக்னலுக்குச் செம்பு கேபிள் போடாதீர்கள், ஆப்டிகல் ஃபைபர்தான். கோயம்புத்தூரிலிருந்தோ பாலக்காட்டிலிருந்தோ ராத்திரியில் சர்வீஸ் ஆள் வருவாரா என்று கேளுங்கள். புரோகிராமின் முழுப் பிரதியும் பாஸ்வேர்டும் கைக்கு வராமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.