காட்டோரப் பாதைக்கு எந்தச் சைக்கிள்?

கேள்வி: அண்ணா, நான் மட்டக்களப்பு டவுனில் வேலை பார்க்கிறேன். ஞாயிறு காலையில் வலையிறவுப் பாலம் தாண்டி ஆயித்தியமலை, உன்னிச்சைப் பக்கம் காட்டோரமாகச் சைக்கிளில் சுற்ற ஆசை. கடையில் முன்னும் பின்னும் ஷொக் (அதிர்வு தாங்கும் ஸ்பிரிங்) வைத்த 21 கியர் சைக்கிளைக் காட்டுகிறார்கள். வீட்டில் அப்பாவின் 28 அங்குலச் சைக்கிள் சும்மா நிற்கிறது. எது சரி?

பதில்: தம்பி, முதல் இரண்டு ஞாயிறும் அப்பாவின் சைக்கிளிலேயே போய் வாருங்கள். வாவிக்கு மேற்கே நீங்கள் சொல்லும் அந்தப் படுவான்கரைப் பக்கம் தட்டை நிலம். குளக்கட்டில் ஏறும் இடத்தைத் தவிர மேடு என்று பெரிதாக இல்லை. 21 கியரில் நீங்கள் தொடப்போவது நாலோ ஐந்தோதான். கிரவலிலும் மணலிலும் ஒல்லி டயர் புதையும்போதுதான் அப்பாவின் சைக்கிள் கைவிடும். அதற்கு மருந்து ஷொக் அல்ல, அகலமான டயர்.

மலிவு சைக்கிளின் பின் ஷொக்கை வேண்டவே வேண்டாம். மிதிக்க மிதிக்க சீற் அமுங்கி எழும்பும், பாதிப் பலம் அதிலேயே போய்விடும். ஷொக் இல்லாத 26 அங்குலச் சைக்கிளில் 1.95 அங்குல அகல டயர் போட்டு, காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓடுங்கள். உங்கள் உடம்பு 65 கிலோ அளவு என்றால் காற்றழுத்தம் 35, 40 பிஎஸ்ஐ போதும்.

டயர் வாங்கும்போது கவனம். நான் ஒருமுறை ‘26’ என்று மட்டும் சொல்லி வாங்கி வந்தேன். வீட்டில் போட்டுப் பார்த்தால் தமையனின் சட்டையைப் போட்ட பிள்ளை மாதிரி ரிம்மில் தொளதொளவென்று நின்றது. 26×1.95 உட்காரும் ரிம் 559 மில்லிமீற்றர், 26×1 3/8 உட்காருவது 590. இரண்டுக்கும் பெயர் 26தான்! டயரின் பக்கத்தில் சின்ன எழுத்தில் 50-559 என்பதுபோல் ஓர் எண் இருக்கும், பழைய டயரோடு அதை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் காசு கொடுங்கள். வல்வு மோட்டார் சைக்கிள் வல்வு போலத் தடித்ததாக இருந்தால் எந்த டயர் கடையிலும் காற்றடிக்கலாம். நெருஞ்சி முள்ளுக்கு ஒரு மேலதிக டியூப்பும் கைப்பம்பும் பையில் இருக்கட்டும்.

மட்கார்ட் ஆடினால் இறுக்குங்கள். அது தடதடத்தால் மயில் உங்களுக்கு முன்னால் ஓடிவிடும், வேலிக் கம்பியில் இருக்கிற மீன்கொத்தியும் நிற்காது. ஆனால் சத்தமில்லாத சைக்கிள் யானைக்குக் கிட்டப் போய் நின்றுவிடும், அதுதான் பயம். வெயில் நன்றாக ஏறிய பிறகு புறப்பட்டு, மாலைக்கு முன் திரும்புங்கள். தேத்தண்ணிக் கடையில் “ராவு யானை வந்ததா?” என்று கேளுங்கள். பாதையில் ஈரமான லத்தி கிடந்தால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

கேள்வி: சைக்கிள் வாங்கினால் பற்றுச்சீட்டு தர மறுக்கிறார்கள். என்ன செய்வது? (அக்கரைப்பற்று வாசகி)

பதில்: கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும், தங்கச்சி. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பிரேம் எண்ணையும் உத்தரவாதக் காலத்தையும் அதில் எழுதி வாங்குங்கள். பிழையான சாமான் என்றால் வாங்கி மூன்று மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். தொலைபேசி 1977.